ஞாயிறும் திறந்திருக்கும்

கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் நோயாளிகளுக்கு வாடகைக்கு விடுகிற அண்ணனுக்கு ஓர் இணையதளம் இருந்தது. இருந்தது என்று சொல்லவே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். உலகத்திலேயே அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணன், இன்னொருவர் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக் காட்டிய அண்ணி. மற்றவர்கள் தேடினால் நாலாவது பக்கத்தில், அடியில் எங்கோ கிடந்தது.

தங்கைக்குத் தொழிலே அதுதான். கடைகளின் தளங்களைத் தேடுகிறவர் கண்ணில் முதலில் படவைப்பது. பல் டாக்டர், பிளம்பர், திரைச்சீலைக் கடைக்காரர் என்று கண்டவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டவள், கூடப் பிறந்தவரை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தாள். அண்ணி இதைச் சொல்லிக்காட்டியே ஒரு வருஷத்தை ஓட்டினாள். கடைசியில் இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

உட்கார்ந்து வேலை செய்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்காகவே செய்தாள். ஒவ்வொரு சாமானுக்கும் தனிப் பக்கம், நல்ல வெளிச்சத்தில் படம், எந்த இடத்திலும் மாறாத ஒரே முகவரி. வீட்டில் ஒருவருக்கு மூச்சு முட்டும்போது பதற்றத்தில் மற்றவர்கள் என்ன வார்த்தையைத் தட்டுவார்கள் என்று யோசித்து யோசித்து எழுதினாள். கடை முதல் பக்கத்துக்கு வந்தது. மூன்றாவது இடம். அங்கே வந்து அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம் என்ன செய்தும் அசையவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். மேலே இருந்த இரண்டு கடைகளுக்கும் ஞாயிறு விடுமுறை கிடையாது. ‘இப்போது திறந்திருக்கிறது’ என்று பச்சை எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் கடைக்குச் சிவப்பு. தேடுகிறவன் சிவப்பைத் தொடுவானா? கடை நேரம் குறிக்கிற பக்கத்தில் ஞாயிறு என்ற கட்டத்தில் ஒரு டிக், அவ்வளவுதான் வேலை. போட்டுவிட்டாள். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை யார் வந்து உட்காருவது என்று கேட்பார். அன்று வரும் அழைப்புகளைத் தன் செல்லுக்குத் திருப்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். நினைத்ததோடு சரி.

மூன்றே வாரத்தில் கடை முதலிடத்துக்கு வந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. என் தங்கச்சி கைபட்டால் போதும் என்று வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, அண்ணன் வருவதற்கு முன்பே தங்கை கடைக்கு வந்துவிட்டாள். வழக்கமாகக் கடை போனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். ஞாயிறு பதினோரு மணியிலிருந்து ஒன்பது அழைப்பு. ஒரே எண். ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. எடுக்க யார் இருந்தார்கள்? அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. கணினியைத் திறந்து டிக்கை எடுத்தாள். ‘ஞாயிறு விடுமுறை’ என்று வந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

பத்து நாள் கழித்து ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், பல நாள் சவரம் செய்யாத முகம். சண்டைக்கு வந்தவர் மாதிரித் தெரியவில்லை. அண்ணன் நாற்காலி காட்டினார். அவர் உட்காராமலே சொன்னார். நுரையீரல் கெட்டுப்போன அப்பாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஞாயிறன்று ஆக்சிஜன் மெஷின் நின்றுபோனது. கையிருப்பு சிலிண்டரில் ஒரு மணி நேரத்துக்கு இருந்தது. தேடியதும் முதலில் வந்தது இந்தக் கடை. போனை எடுக்கவில்லை என்றதும், கூட்டமாக இருக்கும் என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஷட்டர் மூடியிருந்தது. திரும்பிப் போவதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அப்பாவும் போய்விட்டார். இரண்டாவதாக இருந்த கடை அவர் வீட்டிலிருந்து நாலாவது தெருவில்தான். அது அன்று திறந்திருந்தது.

“எங்க அக்கா என்கூடப் பேசறதில்ல,” என்றார். “மூடின கடைக்கு எவனாவது போவானான்னு கேக்கறா. எல்லாம் முடிஞ்சதும் அவகிட்ட காட்டலாம்னு போனை எடுத்தேன். ஞாயிறு விடுமுறைன்னுதான் இருக்கு. அன்னிக்குத் திறந்திருக்குன்னு பாத்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். உங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன். நான் தப்பாப் படிச்சேனா?”

அண்ணன் நல்ல மனுஷர். எழுந்து அவர் தோளில் கை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடை திறந்ததே இல்லை, பதற்றத்தில் கண் எதையும் மாற்றிப் படிக்கும், யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று ஆறுதல் சொன்னார். அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு ஆறுதலுக்கும் அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

அன்று கடையில் இருந்த தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன வாயே, இப்போதாவது திற. அவர் செருப்பைத் தேடிக் குனிந்துவிட்டார். வாசலைத் தாண்டினால் தீர்ந்தது. பெற்ற தகப்பனைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு அவர் போய்விடுவார். இவள் பெயர் கெடாது.

“நீங்க படிச்சது சரிதான் சார்,” என்றாள். “திறந்திருக்கும்னு போட்டது நான். மேல வரணும்னு போட்டேன். நீங்க ஒம்பது தடவை கூப்பிட்டதைப் பாத்துட்டு மாத்தினதும் நான்தான்.”

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் கத்துவார் என்று காத்திருந்தாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக. அவர் ஓர் எண்ணைப் போட்டு, போனை அவள் கையில் கொடுத்தார்.

“அக்காகிட்ட சொல்லுங்க.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்று விடாமல். அந்தப் பக்கம் ஒரு களைத்த குரல் கேட்டது.

“இப்படிச் சொல்லச் சொல்லி எவ்வளவு குடுத்தான் உனக்கு?”

போன் சத்தம் வெளியே கேட்டது. அந்த மனிதர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“அக்கா, உங்க வீடு எங்க இருக்கு? நேர்லயே வந்து சொல்றேன்,” என்று கேட்டாள் தங்கை. அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.