நாலாம் பக்கத்தில் ஒரு வெள்ளை

1

1939 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, ஸ்ரீரங்கம். அன்று அங்கே அச்சான வாரப் பத்திரிகையின் நாலாம் பக்கத்தில் ஒரு கறுப்புச் சதுரம்; அதன் நடுவே எட்டு மூலையோடு ஒரு வெள்ளை. அடியில் ஒரே வரி: “சேக் மைதீன், திருச்சிக் கல் வியாபாரம், பெரிய கடைவீதி.”

இந்தக் கதை அந்த வெள்ளையிலிருந்து வந்தது. அதைச் சுற்றித் தலைவலித் தைலம், லேகியம், குடை எல்லாம் இண்டு இடுக்கு விடாமல் எழுத்தாய்க் கத்துகின்றன. இது மட்டும் வாயைத் திறக்கவில்லை. யார் செய்தது, எப்படித் தப்பிப் பிழைத்தது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

ஏழைக் குடும்பத்தில் பிறந்த பாக்கியமேரி, சிறு வயது முதலே—

வேண்டாம். இப்படித் தொடங்கினால் கடைசியில் அவளுக்குப் பரிசு கொடுத்துத்தான் தீரவேண்டும்.

பாக்கியமேரிக்குப் பதினாறு வயது. வீடு புத்தூரில், படிப்பது ஐந்தாம் பாரம். அப்பா அடைக்கலம் திருச்சிக் கல் எனப்படும் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டுகிறவர். அந்த வருஷம் சித்திர டீச்சர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார்: திருச்சிக் கல்லுக்கு ஒரு பத்திரிகை விளம்பரம் போடவேண்டும். நன்றாக இருப்பதை அச்சுக்குக் கொடுப்பதாகக் கல் வியாபாரி சேக் மைதீன் ஒப்புக்கொண்டிருந்தார்.

“அச்சுல வந்துச்சுன்னா கடைசி வருசம் ஆறாம் பாரமும் படி,” என்றார் அடைக்கலம். “வரலைன்னா சாணைக்கு வந்து உக்காரு. ஒத்தையாக் கெடந்து எனக்கு முதுகு ஒடியுது.”

கல்லிலிருந்து கதிர் கிளம்புவதுபோல ஆறு முறை வரைந்தாள்.

“இது என்னம்மா, முள்ளங்கத்திரிக்காயா?”

“போங்கப்பா. கல்லுதான்.”

“முப்பது வருசமா கல்லைத் தேய்க்கிறேன். முள்ளு மொளைச்ச கல்லை நான் பாத்ததில்ல.”

3

[இங்கே டீச்சர் வந்து ஒளியைப் பற்றி விளக்குவதாக ஒரு பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். அவளே பார்க்கட்டும்.]

தீட்டி முடித்த கல்லை அடைக்கலம் கிழிந்த குடையின் கறுப்புத் துணிமேல் வைத்துச் சோதிப்பது வழக்கம்.* பாக்கியமேரி ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்று ஆறு முறை தோற்ற கண்ணோடு பார்த்தாள். ஜன்னல் வெயிலில் அவர் துணியை ஒரு விரற்கடை நகர்த்தினார். கல் காணாமல் போயிற்று. பட்டை இல்லை, விளிம்பு இல்லை. கறுப்புக்கு நடுவே வெளிச்சம் மட்டும் இருந்தது.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். வரைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஏழாவது தாள் முழுக்க மையைப் பூசினாள். கல் இருக்கவேண்டிய இடத்தைத் தொடவேயில்லை.

“யா அல்லாஹ்!” என்றார் சேக் மைதீன், தாளைக் கண்ணருகே பிடித்து. “கடையில உள்ள கல்லைவிட இதுல்ல மின்னுது! இதையே போடுங்க டீச்சர்.”

* இந்த வழக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் கறுப்பு இல்லாமல் வெளிச்சத்தை எப்படிச் சோதிப்பது?

4

அச்சுக்கோப்பவர் அழகர்சாமி இல்லாவிட்டால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

படம், கல்லின் வெள்ளை விழுவதற்காக நடுவில் துளைபோட்ட அச்சு மரக்கட்டையாக ஸ்ரீரங்கத்து அச்சகத்துக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை, அது அச்சாவதைப் பார்க்க அப்பாவும் மகளும் காவிரிப் பாலம் தாண்டிப் போனார்கள். அழகர்சாமி சரிபார்க்கும் தாளை நீட்டினார். வெள்ளை இருந்த இடத்தில் பதினாறு பூக்கள்.

அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காலி இடத்தைக் கண்டால் பூ அச்சு வைத்து அடைப்பது அவர் தொழிலின் மரியாதை.

“கட்டையில ஓட்டை இருந்துச்சும்மா. எலி கடிச்சிடுச்சுபோலன்னு நான்தான் பூ வெச்சு மறைச்சேன். நல்லாருக்கா?”

“அதுதாங்க கல்லு.”

“எது?”

“அந்த ஓட்டைதாங்க.”

அழகர்சாமி அடைக்கலத்தின் பக்கம் திரும்பினார். “என்னங்க, பொண்ணுக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?”

அச்சு இயந்திரத்தில் தாள் அடுக்கியாகிவிட்டது.

5

பூக்கள் எப்படி வெளியே போயின?

முதலில் எழுதியதில் பாக்கியமேரி வாதாடி ஜெயித்தாள். அவள் பேசியது அவள் பேச்சாக இல்லை, என் பேச்சாக இருந்தது. அடுத்ததில் அடைக்கலம், சாணையில் தேய்ந்த விரலால் பூக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சாணையில் தனக்குத் துணையாக ஒரு ஆள் தேடுகிற மனிதர் அதைச் செய்வாரா, செய்தால் ஏன் என்று நான் அன்று முழுவதும்—

இன்னொன்று உண்டு. பூ இல்லாவிட்டால் எவ்வளவு அசிங்கம் என்று காட்டுவதற்காக அழகர்சாமியே அவற்றை எடுத்துவிட்டு ஒரு தாள் ஓட்டினார். பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பூக்களை எழுத்துப் பெட்டியில் அவற்றின் அறையில் திரும்பப் போட்டார்.

இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இந்த இடத்தை நான் பூ வைத்து அடைக்கப்போவதில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை அன்று மாலை வெளியாயிற்று. ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஆறாம் பாரத்து வருகைப் பதிவேட்டில் பதினோராவது பெயர் அ. பாக்கியமேரி. முதல் நாள் வந்திருந்தாள்.