மில்காரி திட்டிய சாலை

அந்த வட்டாரத்துக்குப் போகும் ஒரே சாலை, மலைமேல் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் முடிவதில்லை. மற்றவர்களுக்கு அது நூற்றுப் பத்துக் கிலோமீட்டர். நெடுஞ்சாலைத் துறையினர் இரண்டு முறை சங்கிலி பிடித்து அளந்து பார்த்துவிட்டு, சாலையில் குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள்.

மதிப்பீட்டாளர் வந்துபோன வருடத்தில்தான் இது தொடங்கியது. நகரத்து வசதிக்காரர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து அவரை அனுப்பியிருந்தார்கள். வெள்ளமோ போரோ கொள்ளைநோயோ வந்து உலகம் கவிழ்ந்தால், யார் தயவும் இல்லாமல் விளைவித்துத் தின்று பிழைத்துக் கிடக்க ஏற்ற இடம் எது என்று பார்த்து, நூற்றுக்கு மார்க் போடுவது அவர் வேலை. மாவு மில்லின் மாடியறையில் நாற்பது நாள் தங்கினார். கண்ணாடிச் சீசாக்களில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி ஜன்னலில் வரிசையாக வைத்தார். தெளிந்த பிறகு மணல் எத்தனை விரல், களிமண் எத்தனை விரல் என்று அளந்தார். கிணறுகளில் கல் கட்டிய கயிற்றை இறக்கினார். எந்த ஓடை கோடையிலும் வற்றாது, விறகு எங்கே கிடைக்கும், வெயில் எப்போது மலையைத் தாண்டும் என்று வீடு வீடாகக் கேட்டார். நம்மையும் ஒருத்தர் பொருட்டாக மதித்துக் கேட்கிறாரே என்ற குளிர்ச்சியில் ஊர் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னது. அவருக்குச் சோறு போட்டது மில்காரி. நல்ல மனுஷர்தான்; சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார்.

கடைசி நாள் அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் கிடந்த தாளை மில்காரி படித்தாள். தண்ணீர், இருபதுக்குப் பதினெட்டு. மண், பதினைந்து. மக்கள், 'குறைவு, சாது, வேலைக்கு ஆவார்கள்', பத்துக்கு ஒன்பது. நகரத்திலிருந்து தூரம், நாலு மணி நேரம், இருபதுக்கு இருபது.

"தூரத்துக்கு எதுக்கு சார் முழு மார்க்கு?"

அவர் உற்சாகமாகவே விளக்கினார். "நாளைக்கு ஒண்ணுன்னா டவுன்ல இருக்கிறவன் எல்லாம் சோத்துக்கு அலைவாம்மா. நாலு மணி நேரம்னா ஒருத்தனும் இங்க வந்து சேர முடியாது. இந்த இடத்தோட பெரிய பலமே அதான்."

மில்காரிக்கு ஒரு தங்கை இருந்தாள். எட்டு வருடங்களுக்கு முன் பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் ஆபீசுக்கு போன் செய்தபோது, நாலு மணி நேரத் தூரத்துக்கு வண்டி வராது, நீங்களே கூட்டி வாருங்கள் என்றார்கள். தங்கை புருஷன் டிராக்டரில் மெத்தை விரித்து ஏற்றினான். பாதி வழியில் அவள் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை அடுத்த வாரம். அதற்குப் பிறகு மில்காரி ஓர் ஆஸ்பத்திரி கேட்டு முப்பத்தொரு மனு போட்டாள். முப்பத்தொன்றுக்கும் ஒரே பதில்: மக்கள் தொகை போதாது; தூரம் அதிகம்.

"என் தங்கச்சியக் கொன்ன தூரத்துக்கா சார் இருபது மார்க்கு போட்டீங்க?"

"நான் நிலத்தைப் பாக்கத்தாம்மா வந்தேன்" என்றார் அவர்.

தாளை நாலாகக் கிழித்துப் போட்டாள். அவரிடம் நகல் இருந்தது. அவர் கார் கிளம்பியதும் மில்லைப் பூட்டிவிட்டு நடுச்சாலையில் போய் நின்று, காலை பத்து மணி தொடங்கி மூன்று மணிவரை சாலையைத் திட்டினாள். என்ன திட்டினாள் என்பது ஊர் முடிதிருத்துபவருக்கு வரி பிசகாமல் தெரியும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சொல்ல மாட்டார். சொல்லக்கூடியது இவ்வளவுதான்: "எங்களுக்கு நீண்டே இல்ல? அவனுங்களுக்கும் நீளு, பாப்போம்."

மலைமேல் சங்கத்தாரின் முப்பத்துநாலு வீடுகள் எழும்பின. நிலத்தடியில் தானியக் கிடங்குகள். நடுவில், அறுவை மேஜையும் மருந்துக் குளிர்பெட்டியுமாக ஓர் ஆஸ்பத்திரி. வாசலில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று பலகை. எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனவர்களால் அதன்பின் வந்துசேர முடியவில்லை. ஒரு லாரி டிரைவர் வீட்டு உரிமையாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றரை நாள் ஓட்டினார். பொறுமை போய் அவரை இறக்கிவிட்டதும் அடுத்த வளைவிலேயே ஊர் வந்துவிட்டது. உரிமையாளர்கள் இதை டிரைவர்களின் திருட்டுத்தனம் என்று முடிவு கட்டினார்கள்.

மூன்றாம் வருடம் நகரத்துக்கு மேலே இருந்த அணை உடைந்தது. முப்பத்துநாலு குடும்பங்களும் கார்களில் கிளம்பின. கடைசி வளைவில், மில்லின் தகரக் கூரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், இரண்டு நாள் ஓட்டி எரிபொருள் தீர்ந்து நின்றார்கள். இறங்கி நடந்தார்கள். கூரை கிட்டே வரவில்லை.

தபால்காரர்தான் வந்து சொன்னார். "ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு வலியில துடிக்குது. டாக்டரும் கூட இருக்கார். மருந்துதான் இல்ல. எல்லாம் மேல பூட்டிக் கெடக்கு."

"சாகட்டும்" என்றாள் மில்காரி. மெஷினைப் போட்டாள். ஒரு படி அரைபடுவதற்குள் நிறுத்தினாள். "வண்டிய எடு தம்பி."

தங்கை புருஷன் நகரவில்லை. "அவங்களுக்காகவாக்கா?"

"ஆத்திரம் ஆத்திரமாத்தான் இருக்கு. நீ எடு."

ஏழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். டிராக்டரைக் கண்டதும் ஓடிவந்து ஏறப் பார்த்தவர்களை அவள் கையால் மறித்தாள். "பூட்டு உங்களுதா இருக்கிற வரைக்கும் இந்த ரோடு விடாது. சாவியக் குடுங்க." பிரசவ வலிக்காரியின் மாமியார்தான் முதலில் கழற்றிக் கொடுத்தாள். பிறகு டாக்டர். பிறகு ஒவ்வொருவராக. சங்கத் தலைவர் மட்டும் ஆஸ்பத்திரிச் சாவியைக் கொடுக்கவில்லை. பத்திரம் தன் பெயரில் இருக்கிறது என்றார். அவரை விட்டுவிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிப் பூட்டை மில்காரி சம்மட்டியால் உடைத்தாள். ஒரே அடி போதுமாக இருந்தது. அவள் ஒன்பது அடித்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் குளிர்பெட்டியைத் திறந்து ஓர் ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. வெளியே வந்து சொன்னபோது மில்காரி, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். "ஒரு ஊசி. அவ்வளவுதானா?" பிறகு சுவரை முஷ்டியால் குத்தத் தொடங்கினாள். அவளைப் பிடித்து இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மாமியார்க்காரி காலில் விழ வந்தாள்.

"கும்புடாதீங்க. இந்தக் கதவை இனிமே யாரும் சாத்தாதீங்க."

சாத்தவில்லை. கதவையே கழற்றிவிட்டார்கள். டாக்டர் ஊரிலேயே தங்கிவிட்டார். வந்தவர்களில் பாதிப்பேர் நீர் வடிந்ததும் நகரத்துக்குத் திரும்பினார்கள். மீதிப்பேர் உழுகிறார்கள், சுமாராக.

தலைவர் அந்தக் கடைசி வளைவில் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். போகிறவர் வருகிறவர் தண்ணீரும் சோறும் கொடுக்கிறார்கள். தபால்காரர் கடிதங்களை அங்கேயே சேர்க்கிறார். முடிதிருத்துபவர் மாதம் ஒருமுறை போய் முடி வெட்டிவிட்டு வருகிறார். மில்காரியும் வாரம் இரண்டு தடவை அந்த வளைவைக் கடக்கிறாள். அவர் கையைக் காட்டுவார். அவள் ஒருநாளும் வண்டியை நிறுத்தியதில்லை.