நூறிலிருந்து ஏழு

1967 ஐப்பசியில் ஒருநாள், யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான அல்லைப்பிட்டியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த ஜசிந்தா ரீச்சர் பாதிக் கணக்கில் நின்றுவிட்டாள். வாய் எதையோ மென்றது. விரல்கள் சேலைக் கரையைப் பிய்த்தன. தெளிந்தபோது நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த பள்ளித் தவணைக்குள் அது கிழமைக்கு மூன்று முறை வரத் தொடங்கியது. றப்பர் எரிகிற மணம் வருகிறது என்றாள். சுவருக்கு அப்பால் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னாள். ஒருநாள் மாதா கோயிலில் பூசை நடுவில் எழுந்து கடலுக்குள் நடந்தாள். ஊர் அதை விசர் என்றது. மீன்பிடித் தொழில் செய்த அவளுடைய ஒரே அண்ணன் சவிரிமுத்துவும் அதை நம்பினான்.

அவன் அவளைத் தெற்கே ஒரு மனநோய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனான். தலையில் மின்சாரம் பாய்ச்சினால் சுகம்வரும் என்றார்கள். கடதாசியில் ஒப்பம் வைத்தான். பன்னிரண்டு தடவை பாய்ச்சினார்கள்.

வீடு திரும்பியவளுக்கு முன்னர் நடந்த தாயின் செத்தவீடு ஞாபகமில்லை. உலையில் அரிசி போட்டேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். வாய் மெல்லுவது மட்டும் நிற்கவில்லை.

மறுவருடம் யாழ்ப்பாணத்தில் அவளைப் பார்த்த டொக்குத்தர் ஒருவர், மூளையின் மின்னோட்டத்தைப் பதிகிற மெசின் கொழும்பில் இருப்பதாகச் சொல்லிக் கடிதம் தந்தார். அங்கே அவளுடைய தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டினார்கள். பேனைகள் நீளக் கடதாசியில் கோடு கீறின. கொழும்பு டொக்குத்தர் அதை மேசையில் விரித்து, ஒரே இடத்தில் கூராக எழும்பி நின்ற கோடுகளைக் காட்டினார்.

"இது விசர் இல்லை. ஒருவகை வலிப்பு. குளிசையாலை கட்டுப்படுத்தலாம்."

"அப்ப நான் ஒப்பம் வைச்சுக் குடுத்த கரண்டு?" என்று சவிரிமுத்து கேட்டான்.

டொக்குத்தர் கடதாசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது தேவைப்பட்டிருக்காது."

பக்கத்துக் கதிரையில் இருந்த ஜசிந்தாவுக்கும் அது கேட்டது.

பிறகு டொக்குத்தர் ஞாபகத்தைச் சோதிக்க அவளை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று என்றாள். எண்பத்தாறு என்றாள். அதோடு நின்று, எதைக் கழிக்கிறேன் என்று அவரையே கேட்டாள். இந்த மறதி வலிப்பால் வந்ததா, கரண்டால் வந்ததா என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் அவர்.

குளிசையில் வலிப்பு அடங்கியது. தை மாதம் பள்ளிக்கூடத்தில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது கிழமை, ஒரே கணக்கைக் கரும்பலகையில் இரண்டாம் முறையும் எழுதினாள். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. பேசாமல் அதையும் கொப்பியில் எழுதினார்கள். அதைக் கண்டபின் அவள் தலைமையாசிரியர் பஸ்ரியாம்பிள்ளையிடம் போய், தன்னால் இனி ஏலாது என்றாள்.

அன்று பின்னேரம் சவிரிமுத்து குசினி வாசலில் நின்று, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்று அழுதான்.

"உங்களுக்குத் தெரியாதுதான், அண்ணை," என்றாள் அவள். "ஆனா எனக்கு இந்த வீட்டிலை இருக்க ஏலாது."

பாசையூரில் சின்னம்மா மேரிஜோசப்பின் வீட்டுக்குப் போய்விட்டாள். மாதம் ஒருமுறை அவன் குளிசை கொண்டுபோனான். சில மாதம் கடல் எப்படி என்று விசாரிப்பாள். சில மாதம் வேலிப் படலைக்கு மேலால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.