பக்கவாசல் அட்டை

1.

இந்தக் கதை அன்பினால் எழுதப்பட்டதல்ல. போன செவ்வாய்க்கிழமை ஒரு தொலைபேசி வந்தது. வைத்த பிறகு கை சும்மா இருக்க மறுத்தது, அதனால் எழுதுகிறேன். அதில் என்ன பேசினார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைப் படிக்கமாட்டீர்கள். படிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. (எழுதுகிறவர்களையும்தான். நாற்பது வருஷம் கூரை போட்டவன் நான். கூரை ஒழுகினால் வீட்டுக்காரன் வந்து கழுத்தைப் பிடிப்பான். கதை ஒழுகினால் யார் கேட்கிறார்கள்?)

முதல் வரியாக இப்படி எழுதினேன்: "ஜூலை மாதத்து ஒஹையோ வெயிலில் என் அக்கா லோரீன், மூன்று சக்கர மின்வண்டியில் ஒரு மகாராணியைப் போல"

அடித்துவிட்டேன். மகாராணியின் மடியில் யாரும் ஐஸ் பெட்டியை வைக்கமாட்டார்கள்.

2.

லோரீனுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. இடுப்பை இரண்டு தடவை அறுத்துப் பொருத்தியிருந்தார்கள். நாலடி வைத்தால் ஐந்தாவது அடிக்குச் சுவர் வேண்டும். மகள் டார்லா காரில் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வருவாள், காரை அணைக்காமல். அந்த டார்லா போன வருஷம் திடீரென்று கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாம், அம்மாவும் வரட்டும், வெர்ன் மாமாவும் (நான்தான்) வரட்டும் என்றாள். லோரீன் அன்றைக்கே முடி சுருட்டிவிட ஆள் வரவழைத்தாள்.

"ஏன் கூப்பிடுறாள்னு யோசிச்சியா அக்கா?" என்றேன்.

"பெத்த மக கூப்பிடக் காரணம் வேணுமாடா? உனக்குப் பால் வெள்ளையா இருந்தாலே சந்தேகம் வந்துரும்."

காரணம் பூங்கா வாசலில் தெரிந்தது. வாடகைக்கு மின்வண்டி எடுத்தார்கள். முன்னால் கூடை, பின்னால் ஆரஞ்சுக் கொடி. லோரீனை அதில் உட்காரவைத்த கையோடு டார்லா உதவி மேஜைக்குப் போய் ஓர் அட்டை வாங்கிவந்து அம்மாவின் கழுத்தில் மாட்டினாள். அந்த அட்டை இருந்தால் இரண்டு மணி நேர வரிசை கிடையாது. குடும்பம் மொத்தமும் பக்கவாசல் வழியாகப் போகலாம். ஒரே நிபந்தனை, அட்டைக்காரரும் கூடவே ராட்டினத்தில் ஏறவேண்டும்.*

* ஏமாற்றுக்காரர்களைத் தடுப்பதாக நினைத்துத்தான் பூங்காக்காரன் இந்த நிபந்தனையைப் போட்டிருப்பான். கீழே நிழலில் எலுமிச்சை ஜூஸ் குடித்திருக்க வேண்டிய கிழவியை மேலே ஏற்றிவிட்டான்.

3.

டார்லாவை எழுதுவதில்தான் சிக்கல். கெட்டவளாக எழுதிவிட்டால் சுலபம். ஆனால் வெயில் ஏறியதும் அவள்தான் அம்மாவின் காது மடலுக்குப் பின்னால்கூட விடாமல் கிரீம் தடவினாள். அதை எழுதாமல் விட்டால் பொய். எழுதினால் நீங்கள் அவளை மன்னித்துவிடுவீர்கள். எழுதிவிட்டேன். மன்னிக்காதீர்கள்.

படகு, சுழலும் கோப்பை, தண்ணீர்ச் சறுக்கு. ஒவ்வொன்றிலும் டார்லாவின் புருஷன் கர்ட் ஒரு கை, நான் ஒரு கை. லோரீனைத் தூக்கி உள்ளே வைப்போம், முடிந்ததும் தூக்கி வெளியே வைப்போம். நடுவில் லோரீனின் மடியில் ஐஸ் பெட்டி, வண்டிக் கூடையில் எல்லாருடைய மழைக்கோட்டும், பைகளும், பேத்திகள் இரண்டு பேரும் ஜெயித்த கரடி பொம்மைகளும்.

"அத்தை இல்லைன்னா ஒரு கழுதையத்தான் வாங்கியிருக்கணும்," என்றான் கர்ட்.

பேத்திகள் சிரித்தார்கள்.

"கழுதைக்கு இந்த அட்டை தரமாட்டாங்க மாப்ள," என்றாள் லோரீன்.

நானும் சிரித்தேன். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

4.

கடைசியாகக் 'கழுகு'. பேத்திகள் காலையிலிருந்து காத்துக்கிடந்தது அதற்குத்தான். மேலே ஏறி, நின்று, தலைகீழாக விழுகிற ரயில். பக்கவாசலில் பச்சைத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி வழி மறித்தாள்.

"பாதியில நின்னுட்டா நூத்திப்பத்துப் படி நீங்களே இறங்கி வரணும்மா. ஒங்களால முடியுமா?"

லோரீன் திரும்பி டார்லாவின் முகத்தைப் பார்த்தாள். டார்லா என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மாமா. அம்மா நல்லாத்தானே நடக்குறாங்க?"

லோரீனின் விரல் என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு தடவை இழுத்தது. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வரும்போது இப்படித்தான் இழுப்பாள். வாயைத் திற, எதையாவது சொல்லித் தப்பவை என்று அர்த்தம்.

"நடப்பா," என்றேன்.

[ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. ஐந்து காரணங்கள். நாலு காரணங்கள் அழகாக இருந்தன, அதனால் கிழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது இது: முடியாது என்று சொல்லியிருந்தால் அடுத்த தடவை என்னையும் கூப்பிடமாட்டார்கள்.]

5.

இன்னொரு மாதிரியும் எழுதினேன். ரயில் உச்சியில் நின்றுவிடுகிறது. லோரீன் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, நூற்றிப்பத்தும் இறங்கி வருகிறாள். கீழே டார்லா அழுகிறாள். நூலகத்தில் வியாழக்கிழமை நடக்கிற எழுத்து வகுப்பில் வாசித்தேன். கைதட்டினார்கள்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரயில் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. யாரும் சாகவில்லை. லோரீனின் கால்சட்டை நனைந்திருந்தது. அது தண்ணீர்ச் சறுக்கின் ஈரமல்ல.

தூக்கி வண்டியில் வைத்து, கூடையிலிருந்து என் மழைக்கோட்டை எடுத்து அவள் மடியில் போட்டேன். டார்லா திரும்பி ஒரு தடவை பார்த்தாள். பிறகு ரயில் ஓடும்போது எடுத்த படங்கள் தெரிகிற திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அம்மா, இங்க வா. படத்துல எப்படிச் சிரிக்கிறே பாரு."

லோரீன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். படத்தில் அது சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்போது வண்டியை மெதுவாக்கினாள்.

"டேய் வெர்ன். டார்லா பாத்தாளா?"

"இல்லக்கா."

"அப்ப அடுத்த வருஷமும் கூப்பிடுவா," என்றாள்.

6.

லோரீன் மார்ச்சில் போய்ச்சேர்ந்தாள். அடக்கத்தில் டார்லா நிஜமாகவே அழுதாள். அதையும் எழுதியாகவேண்டும்.

இனி அந்தத் தொலைபேசி.

"மாமா, முட்டி இப்ப எப்படி இருக்கு?"

முட்டி வலி தொடங்கிய இந்த ஆறு வருஷத்தில் அதை விசாரித்தவர்கள் யாருமில்லை. ஐந்து நொடி சந்தோஷமாக இருந்தேன். எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான்.

"நடக்கக் கஷ்டமா இருந்தா வண்டி எடுத்துக்கலாம் மாமா. ஜூலையில போறோம். பிள்ளைங்க உங்களத்தான் கேக்குதுங்க."

"கஷ்டம்தான்மா," என்றேன். அன்று காலையில்தான் தபால் நிலையம்வரை நடந்து போய்விட்டு வந்திருந்தேன்.

"அப்ப சனிக்கிழமைக்குள்ள வர்றீங்களா இல்லையான்னு சொல்லுங்க. வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கணும்."

முடிவு ஒன்று: வரமாட்டேன், உன் அம்மாவை என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கிறேன். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்கிற ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு "நடப்பா" என்றவன் அவனில்லை.

முடிவு இரண்டு: போகிறேன். 'கழுகு' வாசலில் பச்சைத் தொப்பிப் பெண் கேட்கும்போது "முடியாதும்மா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறேன். லோரீனுக்காக. இதற்கும் கைதட்டுவார்கள்.

முடிவு மூன்று:

நான் எழுதமாட்டேன். நாளைக்குச் சனிக்கிழமை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்ன எழுதினாலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு மறைத்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. நேற்று சூப்பர்மார்க்கெட் வாசலில் நடக்கமுடியாதவர்களுக்காக நிறுத்தியிருக்கும் மின்வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. கூடையைக் கையால் அளந்தேன். கரடி பொம்மை இரண்டு தாராளமாகப் பிடிக்கும்.