டாக்டர் எலேனாவின் நட்சத்திரம்

துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது, நான் அங்கே ஒரு நெசவாலையில் இயந்திரம் பொருத்தப் போயிருந்தேன். இடிந்த சுவருக்கு அடியிலிருந்து என்னை இழுத்தபோது இடது கால் நசுங்கியிருந்தது. அதை எடுக்காமல் காப்பாற்றியவர், ஸ்பெயினிலிருந்து தொண்டு செய்ய வந்த டாக்டர் எலேனா. மகராசி, நன்றாக இருக்கட்டும்.

ஊன்றுகோல் இல்லாமல் நான் தெருமுனைவரை நடந்த அன்றே, பெருமாள் கோயிலில் தாயாருக்கு அந்த டாக்டர் பேரில் அர்ச்சனை என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அதற்கு நட்சத்திரம் வேண்டுமே. ஸ்பெயின்காரிக்கு ஏது நட்சத்திரம் என்றால், வானம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்கிறாள். சுவாமி பேருக்கே செய்துவிடலாம் என்றேன். முறைத்தாள்.

“வெறும் பேரைச் சொன்னா எந்த எலேனான்னு தாயாருக்கு எப்டிப்பா தெரியும்? கேட்டுச் சொல்லு.”

என் அம்மா ரேணுகாம்பாள் பிடித்தால் விடமாட்டாள். வெட்கத்தை விட்டு, காரணத்தையும் எழுதி, டாக்டருடைய பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் கேட்டு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. போன் பஞ்சாங்கம் அவிட்டம் என்றது. அம்மா உடனே தேங்காய், பூ வாங்கக் கிளம்பிவிட்டாள்.

கோயிலுக்குப் போகிற ஆட்டோவில்தான் டாக்டரின் அடுத்த செய்தியைப் பார்த்தேன்.

“எம்ரேயின் பேரையும் சொல்லுங்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஆபரேஷன் மேஜை. அன்று முறை அவனுடையது. நீங்கள் அழுததைக் கேட்டு, ‘இவன் அம்மாவைக் கூப்பிடுகிறான், இவனை முதலில் பாருங்கள்’ என்றான். பிறகு அவன் காலைக் காப்பாற்ற முடியவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஆனால் இந்த நன்றியை நான் மட்டும் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.”

எம்ரே பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன். நான் கண் விழித்தபோது சிரித்துக் கையசைத்தான். அன்றைக்கே என்னை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள்.

அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். கோயில் வரும்வரை அவள் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

சன்னிதியில் பட்டாச்சாரியார் பேர் கேட்டார். எலேனா, அவிட்டம். அடுத்தது எம்ரே. புதுப் பேராக இருக்கிறதே என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னவர், நட்சத்திரம் என்ன என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

“உத்திராடம் சாமி,” என்றாள் அம்மா.

அது என் நட்சத்திரம்.