தந்தை பெயர் என்ற கட்டம்

1

"நீங்க கதை எழுதுறவங்கதானே?"

"ஆமா."

"அப்ப எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தருவீங்களா, அக்கா?"

இந்தக் கதை பிறந்த இடம் இதுதான். பதினோரு வருடங்களுக்கு முன்னால், இடுப்பில் இறுக ஆரம்பித்துவிட்ட ஓர் உடுப்பைத் தளர்த்திக் கொடுக்கச் சொல்லி அவள் கடைக்குப் போயிருந்தேன். பழைய துணிகளை அளவு திருத்திக் கொடுக்கும் கடை. ஆறடிக்கு எட்டடி. ஒரு தையல் இயந்திரம், ஓர் இஸ்திரிப் பெட்டி, வாசலோரம் ஒரு நாற்காலி. நாற்காலியில் அவளுடைய அப்பா உட்கார்ந்து, பிளேடால் யாருடைய சட்டையையோ தையல் பிரித்துக்கொண்டிருந்தார்.

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்காத குரலில்தான் அவள் பேசினாள். அண்ணன் மேல் ஒரு வழக்கு இருந்ததாம். அது என்ன ஆனது என்று தெரிய வேண்டுமாம்.

"அண்ணன் என்ன ஆனான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க அக்கா. கேஸ் என்ன ஆச்சுன்னு எழுதிக் கேட்டாத்தான் சொல்லுவாங்களாம்."

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். கடைசி அத்தியாயத்துக்குள் பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில்தான் என்னைப் படிக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் அது நடக்காது. முயற்சி செய்யாமல் இல்லை.

2

[முதல் தொடக்கம்: நீதிமன்றத்தின் பழைய கட்டடத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.]

அவள் போன எந்த நாளிலும் மழை இல்லை. அடித்துவிட்டேன்.

[இரண்டாம் தொடக்கம்: பதிவறையில் வேலை பார்த்த அந்த எழுத்தர் மனைவியை இழந்தவர். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வரும் அந்தத் தையல்காரியின் கையில் இருக்கும் ஊசிக் குத்துகளை அவர் கவனிக்கத் தொடங்கியபோது]

இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அந்த ஆளா? ஏழு வருஷமா அவரு தலை வகிட்டைத்தான் அக்கா பாத்திருக்கேன். நிமிர்ந்தாருன்னா அடையாளமே தெரியாது எனக்கு."

அதையும் அடித்துவிட்டேன். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்பதற்காக, அடித்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

3

ஒரு வழக்கின் பதிவை எப்படித் தேடுவது? உங்களில் யாருக்காவது தேவைப்படலாம். தேவைப்படக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் காவல் நிலையம். எந்த நிலையத்தின் எல்லைக்குள் பிடித்தார்கள் என்று தெரிய வேண்டும். அங்கே ஒவ்வொரு வழக்குக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணோடு நீதிமன்றத்துக்குப் போனால், இங்கே இதற்கு வேறு எண் என்பார்கள். ஒரே மனிதனுக்கு இரண்டு எண். ஒன்று தெரிந்தால் மற்றதைப் பிடித்துவிடலாம். இரண்டும் தெரியாதவர்களுக்குப் பெயர்தான் கதி. பெயர் வரிசைப் பதிவேடு வருடத்துக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பெயரில் நூறு பேர் இருப்பார்கள் என்பதால், விண்ணப்பத்தில் ஆளின் பெயருக்குக் கீழே தந்தை பெயர் என்று ஒரு கட்டம்.

காவல் நிலையம் புதிய கட்டடத்துக்கு மாறியபோது பழைய பதிவேடுகள் எங்கோ போய்விட்டிருந்தன. ஆகவே நீதிமன்றம், ஆகவே பெயர். நான் விண்ணப்பம் எழுதினேன். தந்தை பெயர் கட்டத்தில் வாசலோரத்து நாற்காலியில் இருந்தவரின் பெயரை எழுதினேன். வேறு யார் பெயரை எழுதுவது?

"பதிவு ஏதும் இல்லை" என்று திரும்பி வந்தது.

முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருடம் சேர்த்துக் கேட்டோம். பக்கத்து நீதிமன்றத்தில் கேட்டோம். எல்லாம் கணினிக்குள் வந்த பிறகு அதில் தேடினோம். பெயரை மட்டும் தட்டினால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். தந்தை பெயரைச் சேர்த்ததும் ஒருவர்கூட இல்லை. பதினோரு வருடத்தில் நாற்பது விண்ணப்பங்கள். எந்தப் பத்திரிகையும் என் எழுத்தை இத்தனை முறை திருப்பி அனுப்பியதில்லை.

அப்பாவிடம் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவள் செவ்வாய்தோறும் கிளம்புவாள். சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது என்று திரும்பும் வழியில் நிஜமாகவே வாங்கியும் வருவாள். இயந்திரத்துக்குக் கீழே மூன்று அட்டைப்பெட்டி நிறைய நூல் சேர்ந்துவிட்டது. இவ்வளவு நூலை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று அப்பா ஒரு முறை கேட்டாராம். தைக்கப் போகிறேன் என்றாளாம். அவர் பிளேடைத் துடைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாராம்.

4

அப்பாவை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை கல்நெஞ்சுக்காரராக வந்தார். இரண்டாம் தடவை யாருக்கும் தெரியாமல் தலையணையை நனைப்பவராக வந்தார். மூன்றாவதை அவளிடமே கேட்டு எழுதியதால் அது பாதியில் நிற்கிறது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம், டிக்கெட் இல்லாதவர்களின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தவர்.

"அப்பா கெட்டவர் இல்ல அக்கா. டிக்கெட் எடுக்காம ஏறின சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்டவர். வாயில வந்ததைத் திருப்பி வாங்கத் தெரியாது. அவ்வளவுதான்."

வாயில் வந்தது இது. இருபத்தோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை நேரம், வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மோட்டார் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன் ஜீப்புக்குள் இருந்தான். வயது இருபத்திரண்டு. ஏதோ கிடங்கில் செப்புக் கம்பி காணாமல் போயிருந்தது. எடுத்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, விசாரணை முடியவே இல்லை. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. இவன் உங்கள் பையன்தானே என்று போலீஸ்காரர் கேட்டார்.

"அப்படி ஒரு பிள்ளை எனக்குக் கிடையாது" என்றார் அப்பா.

ஜீப்பின் கதவு திறந்துதான் இருந்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அந்த நிமிடம் அண்ணனின் கண்களில்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. அவள் அண்ணனின் கண்களைப் பார்க்கவில்லை. அவன் செருப்பைத்தான் பார்த்தாளாம். ஒரு கால் செருப்பு மட்டும்தான் இருந்ததாம்.)

3, மறுபடியும்

மூன்றாம் பகுதியில் நான் சொன்னது தவறு. பெயரை வைத்துத் தேடக் கூடாது.

தலை நிமிராத அந்த எழுத்தர் ஓய்வு பெற்றதும் அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். அவளும் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் நாற்பதாவது விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பேரை விடுங்க அக்கா. பேரு அந்த ஆளு வாயால சொல்றது, என்ன வேணாலும் சொல்லியிருக்கலாம். பிடிச்சா மறுநாளைக்குள்ள கோர்ட்டுக்குக் கொண்டு வந்தாகணும். அதுக்குன்னு தனியா ஒரு நோட்டு இருக்கு. என்னைக்குப் பிடிச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நாளா தெரியாது அவளுக்கு?

அந்த நாளின் பக்கத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான்காவது ஆளுக்கு அண்ணனின் பெயர். வயது இருபத்திரண்டு. மோட்டார் பட்டறை. தந்தை பெயர் என்ற கட்டத்தில் தாய்மாமனின் பெயர். முகவரியும் மாமாவுடையது. மாமா செத்துப் போய் அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அடையாளக் குறி என்ற கட்டமும் ஒன்று இருந்தது. இடது முழங்கையில் முக்கோண வடிவில் தீக்காயத் தழும்பு. அவளுக்கு ஒன்பது வயதில், மேசை மேல் இருந்த இஸ்திரிப் பெட்டியை வயரைப் பிடித்து இழுத்தாள். அது அவள் மேல் விழாமல் அண்ணன் கையை நீட்டித் தடுத்தான். பெட்டியின் முனை பட்ட தழும்பு அது. அதை அவன் மறைக்கவும் முடியாது, மாற்றிச் சொல்லவும் முடியாது.

5

அந்த வரியின் ஓரத்தில் இருந்த வழக்கு எண்ணை வைத்துக் கணினியில் தேட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாமாவின் முகவரிக்கு அனுப்பிய கடிதங்கள் ஆள் இல்லை என்று திரும்பியிருந்தன. ஜாமீனுக்கு யாரும் வரவில்லை. பதிமூன்று மாதம் கழித்துக் கடைசி வரி: குற்றம் சாட்டப்பட்டவர் சிறை மருத்துவமனையில் காய்ச்சலால் இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்பட்டது.

கடைக்குத் திரும்பி வந்தவள் என்னிடம் தன் அளவு நோட்டைக் காட்டினாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். ஒரு பக்கத்தின் தலைப்பில் அண்ணன் என்று இருந்தது. இடுப்பு முப்பது. அதை அடித்து முப்பதரை. அதை அடித்து முப்பத்தொன்று.

"திரும்பி வரும்போது தொப்பை போட்டிருப்பான்னு வருஷா வருஷம் அரை இஞ்ச் ஏத்திக்கிட்டே வந்தேன் அக்கா."

நாற்பதரையில் வந்து நின்றிருந்தது. நாங்கள் முதல் விண்ணப்பம் எழுதியபோதே அவன் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

ஏன் மாமாவின் பெயரைச் சொன்னான்? வீட்டு மானம் போகக் கூடாது என்றா, கோபத்திலா, பயத்திலா? மூன்றுக்கும் மூன்று பத்தி எழுதிப் பார்த்தேன். அவளிடம் கேட்டபோது நான்காவதாக ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு என் மூன்று பத்திகளுக்கும் வேலை இல்லாமல் போனது.

"அவன் அப்பா சொல்லைத் தட்டவே மாட்டான் அக்கா."

6

உடலை எங்கே புதைத்தார்கள் என்பது வழக்கின் காகிதக் கட்டுக்குள் ஒரு தாளில் இருக்கிறது. அதன் நகல் நெருங்கிய உறவுக்கு மட்டும்தான். நீங்கள் யார் என்று கேட்டாள் அந்தப் பெண் எழுத்தர். தங்கை என்றாள் இவள். காகிதத்தின்படி இல்லையே அக்கா என்று வருத்தமாகத்தான் சொன்னாள் அவள்.

காகிதத்தின்படி இவள் அவனுக்கு அத்தை மகள். அந்த உறவை வைத்து என் நாவல்களில் மூன்று கல்யாணம் நடத்தி வைத்திருக்கிறேன். ஒரு சவக்குழியைக் காட்டித் தர அது போதவில்லை.

வழி ஒன்று உண்டு. பெற்ற தகப்பன், இந்த வழக்கில் உள்ளவன் என் மகன்தான் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரைத் தவிர வேறு யார் சொன்னாலும் செல்லாது. அதற்கும் காலம் இருக்கிறது. முடிந்த வழக்குகளின் கட்டுகளை இருபது வருடம் ஆனதும் அழித்துவிடுவார்கள். இன்னும் ஆறு வாரம்.

அப்பாவிடம் அவள் எதையுமே கேட்டதில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பதினேழு வயதில் தொண்டை வரை வந்ததைச் சொன்னதில்லை. மகன் செத்துப் போனது அவருக்கு இன்னும் தெரியாது. இதுவும் எனக்குச் சந்தேகம்தான். மூன்று பெட்டி நூலைப் பார்த்த மனிதர் அவர்.

[முடிவு ஒன்று: நடுங்கும் விரல்களால் பேனாவை வாங்கிய அந்த முதியவர், "என் பிள்ளைம்மா" என்று குலுங்கி]

[முடிவு இரண்டு: அவர் எழுந்து உள்ளே போய், இருபத்தோரு வருடமாகப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த]

[முடிவு மூன்று: ஆறு வாரம் கழித்து, நீதிமன்றத்தின் பின்பக்கம், கட்டுக் கட்டாக]

மூன்றாவதை எழுதும்போது மட்டும் கை நிற்காமல் ஓடியது. அதனாலேயே அதை நிறுத்தினேன்.

7

உறுதிமொழியை எழுதிக் கொடுத்தது நான்தான். நாற்பத்தொன்றாவது. அரைப் பக்கம் வந்தது. கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவள் அன்று நூல் வாங்கப் போகவில்லை.

அப்பா நாற்காலியில் ஒரு சட்டைக் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்த நூல் துணுக்குகளை எப்போதும்போல முழங்கால் மேல் வரிசையாக வைத்திருந்தார். அவள் தாளை இரண்டு முறை படித்தாள். கத்தரிக்கோலை நகர்த்தி வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அப்புறம் இயந்திரத்தையும் நிறுத்தினாள். அந்தக் கடையில் இயந்திரம் நின்றால் தெருவின் சத்தமெல்லாம் உள்ளே வந்துவிடும். அப்பா தலையைத் தூக்கினார்.

அவர் என்ன பதில் சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அங்கேதான் இருந்தேன். ஆனாலும் எழுத மாட்டேன். அந்த மனிதரைக் கேட்காமலே நாற்பது தாள்களில் அவருக்கான கட்டத்தை நிரப்பியவள் நான். மகனும் அவரைக் கேட்காமல் அதே கட்டத்தில் வேறு ஒருவரை எழுத வைத்தான். இனியும் அவருக்காக ஒரு கட்டத்தை நிரப்ப என்னால் ஆகாது. வேண்டுமென்றால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அப்பா இருந்திருப்பார்.

அவள் மடியில் கிடந்த நூலை உதறிவிட்டு, நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தாளை அவர் முழங்கால் மேல், நூல் துணுக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, அவன் உங்க பிள்ளைதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."