பத்து எண்ணும் நேரம்

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த அறையில் அக்கா பச்சைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறாள். அவளுடைய கருவை இன்று உறைநிலையிலிருந்து எழுப்பி, மதியத்துக்குள் அவள் வயிற்றில் வைத்தாக வேண்டும். ஒன்றே ஒன்று. போன வருஷம் ஆபரேஷனில் சினைப்பை இரண்டையும் எடுத்தாயிற்று. இதை விட்டால் அக்காவுக்கு வேறு கதி இல்லை.

கருவை உறையவைத்ததே சின்னவள்தான். ஒன்பது வருஷமாக இந்த ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. வீட்டு ஃப்ரிட்ஜில் உறைவதுபோல மெதுவாக உறைந்தால், உள்ளே பனித்துகள்கள் ஊசியாக முளைத்து செல்லைக் கிழித்துவிடும். அதனால் மருந்தில் ஊறவைத்து, ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் ஏற்றி, திரவ நைட்ரஜனுக்குள் சட்டென்று அமுக்குவார்கள். செல்லுக்குள் இருக்கும் தண்ணீருக்குப் பனியாக வரிசை கட்ட நேரமே கிடைக்காது. நின்ற இடத்தில் நின்றபடி கண்ணாடியாகிவிடும். அப்படியே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கிடக்கும். ஒரே நிபந்தனை, குச்சியை நைட்ரஜன் டேங்கின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது.

அது அவளுக்குத் தெரியாதா என்ன? புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அதற்காகவே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அக்காவின் போன் வரும்.

"பாத்தியாடி?"

"பாத்தேன்க்கா. சமத்தா இருக்கு."

"நெஜமாவே எடுத்துப் பாத்தியா, இல்ல என் வாய அடைக்கச் சொல்றியா?"

இவளோ பொய் சொல்ல வாய் கூசுகிற பிறவி. முதல் முறை அப்படிக் கேட்டபோது போனை வைத்துவிட்டு நேரே டேங்கிடம் போனாள். குச்சியை வெளியே தூக்கி, தன் கையாலேயே எழுதிய அக்காவின் பேரைப் படித்து, பத்து எண்ணுவதற்குள் இறக்கிவிட்டாள். பத்துதானே! அடுத்த வெள்ளியும் பத்து, அதற்கடுத்ததும் பத்து. ஒரு வருஷம்.

போன வாரப் பயிற்சி வகுப்பில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களைக் காட்டினார்கள். முதல் படத்தில் உறைந்த தண்ணீர் கண்ணாடியாக வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. இரண்டாவதில் பொடிப்பொடியாகத் துகள்கள். ஒரு முடியின் அகலத்துக்குள் ஆயிரம் அடுக்கலாம், அத்தனை சின்னவை.

"இது மூணு தடவ வெளிய எடுத்தது," என்றார் வகுப்பெடுத்தவர். "கொஞ்சம் சூடு பட்டா போதும், மொளைக்கும். பெருசு பக்கத்துல இருக்கிற சின்னத முழுங்கும். திரும்ப உள்ள போட்டா அப்படியே நிக்குமே தவிர மறையாது. வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மூன்று தடவைக்கே இப்படியா! சின்னவள் தன் வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தாள், ஐம்பதுக்கு மேல். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. சொன்னால் மட்டும் முளைத்தது மறைந்துவிடுமா? ஒருவேளை தப்பித்திருக்கலாம், ஒருவேளை, ஒருவேளை என்றே நாளை ஓட்டினாள்.

இப்போது குச்சியை எடுத்து வெதுவெதுப்பான திரவத்தில் முக்கினாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். சுருங்கிய கரு தெரிந்தது; உயிர் இருந்தால் கொஞ்ச நேரத்தில் விரியும். கடவுளே, விரிந்துவிடு, தாயே, விரிந்துவிடு. அது விரியவில்லை. ஓரத்துச் செல் ஒன்று கருத்துச் சுருங்கியது, பிறகு அதன் பக்கத்துச் செல்லும். ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டார்.

அக்காவிடம் டாக்டரம்மாதான் சொன்னார். சின்னவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள பனி மொளைச்சிருக்கும்மா. இடையில வெளிய எடுத்திருந்தா அப்படி ஆகும். யாரு எடுத்தாங்கன்னு நான் விசாரிக்கறேன்."

அக்கா அழவில்லை. உதடு மட்டும் எதையோ கணக்குப் போடுவதுபோல் அசைந்தது. பிறகு தங்கையைப் பார்த்தாள். அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"வெளிய எடுத்தாலா? அப்போ... நான்தானேடி வாராவாரம் எடுத்துப் பாருன்னு உன் உயிர வாங்கினேன்? நானேவா..."

"நான் எங்கக்கா எடுத்தேன்?" என்றாள் சின்னவள். வாய் கூசவில்லை. "ஒரு தடவகூட எடுக்கல. உன் வாய அடைக்கத்தான் பாத்தேன் பாத்தேன்னு சொன்னேன்."

"ஒரு தடவகூடவா?"

"இல்லக்கா."

அக்கா அவளையே வெறித்தாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்தது.

"என் புள்ளைய ஒரு தடவ எட்டிப் பாக்கக்கூட உனக்கு மனசு வரலியாடி, பாவி? என் கண்ணு முன்னால நிக்காத. போ."

சின்னவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.